கைதட்டல் திருத்திய திரைக்கதைகள்

1975ஆம் ஆண்டு 'உறவுக்குக் கை கொடுப்போம்' என்றொரு படம் வந்தது. விசு மேடைக்கு எழுதிய நாடகத்தின் திரைவடிவம் அது. வந்த சுவடு தெரியாமல் போயிற்று. பதினோரு ஆண்டுகள் கழித்து அதே கதையை ஏவி.எம். நிறுவனம் கையில் எடுத்தது. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை கனமாகவே போகிறது, ஜனங்கள் சிரிக்க இடம் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் எம். சரவணனின் கருத்து. விசு மறுபடி உட்கார்ந்தார். நாடகத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை எழுதிச் சேர்த்தார். அவள்தான் அந்த வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. மனோரமா நடித்தார். 'சம்சாரம் அது மின்சாரம்' 1986இல் வெளியாகி ஊரெல்லாம் ஓடியது; சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதையும் வாங்கியது. அந்தப் பிரிவில் ஒரு தமிழ்ப் படம் விருது பெற்றது அதுவே முதல் முறை.

அம்மையப்ப முதலியார் வீட்டுக் கூடத்தில் கோடு போட்டு அப்பாவும் மகனும் பிரிகிற காட்சி எவ்வளவு நினைவில் நிற்கிறதோ, அவ்வளவு நினைவில் நிற்கிறது கண்ணம்மா ஆல்பர்ட் பெர்னாண்டஸோடு மல்லுக்கு நிற்கும் காட்சி. கண்ணம்மாவை எடுத்துவிட்டால் அந்தப் படத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. மேடையில் ஒரு முறை, திரையில் இரண்டு முறை என்று ஒரே கதை மூன்று முறை எழுதப்பட்டபின்தான் அவள் பிறந்தாள்.

தமிழ்த் திரைக்கதையின் வரலாற்றில் இது தனிச் சம்பவம் இல்லை. பேசும் படம் வந்த நாளிலிருந்து ஏறக்குறைய 50 ஆண்டுகள், தமிழ் சினிமாவின் பெரிய கதைகளில் கணிசமானவை முதலில் ஜனங்களுக்கு முன்னால் உரக்கச் சொல்லிப் பார்க்கப்பட்டவை. கொட்டகையிலோ சபா அரங்கிலோ பல இரவுகள் நடித்து, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத் திருத்திய பிரதிதான் கோடம்பாக்கத்துக்குப் போயிற்று. அந்தக் கூட்டத்துக்குப் படத்தின் டைட்டிலில் பெயர் போடும் வழக்கம் இல்லை. போட்டிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

கதை 1891இல் தொடங்குகிறது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிய ஆண்டு அது. சம்பந்தம் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. நாடகம் அவருக்குப் பிழைப்பு இல்லை, பற்று. 'நாடக மேடை நினைவுகள்' என்ற தலைப்பில் அவர் எழுதியவற்றைப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். யார் நடிக்கப் போகிறார்கள் என்பதை மனத்தில் வைத்தே அவர் பாத்திரங்களை எழுதினார். பெண் வேடத்தில் புகழ்பெற்ற ரங்கவடிவேலு இல்லாமல் அவருடைய நாயகிகள் பலரும் உருவாகியிருக்க மாட்டார்கள். எழுதிய பிரதி நண்பர்கள் நடுவே வாசிக்கப்பட்டு, ஒத்திகையில் நசுங்கி, மேடையில் பதம் பார்க்கப்பட்டு, அதன் பிறகே அச்சுக்குப் போகும்.

1895இல் மேடையேறிய 'மனோகரா' அப்படி விளைந்த நாடகம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிடம் கொஞ்சம் கடன் வாங்கியிருந்தாலும், தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சங்கிலியில் நிற்கும் இளவரசன் தமிழ்நாட்டுக்குச் சொந்தக்காரனாகிவிட்டான். சுகுண விலாச சபையோடு அது நிற்கவில்லை. சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன; ஊர் ஊராகப் போயிற்று; சிறுவன் கணேசனும் கம்பெனியில் அதில் நடித்தார். 1954இல் ஜூபிடர் பிக்சர்ஸுக்காக எல்.வி. பிரசாத் அதைப் படமாக்கியபோது, மு. கருணாநிதி வசனம் எழுத, அந்த கணேசனே சிவாஜி கணேசனாகி மனோகரனாக நின்றார். நாடகத்துக்கும் படத்துக்கும் நடுவே 59 ஆண்டுகள். சம்பந்த முதலியார் அப்போது உயிரோடிருந்தார், வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அவருடைய நிதானமான உரைநடை போய், அடுக்குமொழி வந்திருந்தது. ஆனால் தர்பார், சங்கிலி, தாய், மகன் என்ற அந்தக் காட்சியின் எலும்புக்கூட்டில் யாரும் கைவைக்கவில்லை. இரண்டு தலைமுறைக் கொட்டகைக் கூட்டம் அங்கேதான் ஆர்ப்பரித்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தொழில்முறைக் கம்பெனி நாடகத்தில் ஜனங்களின் பிடி இன்னும் இறுக்கம். பாட்டு பிடித்தால் 'ஒன்ஸ்மோர்' என்று குரல் வரும். செத்து விழுந்தவர்கூட எழுந்து மறுபடி பாட வேண்டியதுதான். அடுத்த காட்சிக்காகப் பின்னால் செட் மாற்ற நேரம் வேண்டும் என்பதால், முன்னால் ஒரு படுதாவை இறக்கிவிட்டு அதன் முன்னே நகைச்சுவை நடிகர்களை அனுப்புவார்கள். கதைக்கும் அந்தக் காட்சிக்கும் ஒட்டு உறவு இருக்காது. உள்ளே அரண்மனை காடாக மாறும்வரை அவர்கள் சமாளிக்க வேண்டும். பின்னால் தமிழ்ப் படங்களில் கதையோடு ஒட்டாமல் தனியே ஓடிய 'காமெடி டிராக்' இந்தப் படுதாவின் முன்னால் பிறந்தது என்றே தோன்றுகிறது. சினிமாவில் செட் மாற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அரை மணிக்கு ஒரு முறை சிரிக்கவேண்டும் என்று ரசிகர்கள் பழகிவிட்டார்கள். படங்கள் அந்தப் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டன.

1931இல் 'காளிதாஸ்' வந்தபிறகு, பேசும் படத்துக்குக் கதை எங்கிருந்து எடுப்பது என்று யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. மேடையில் எது ஓடுகிறதோ அதைப் படம் பிடித்தார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் பாடிக் கொடிகட்டிப் பறந்த 'பவளக்கொடி', 1934இல் கே. சுப்ரமணியத்தின் இயக்கத்தில் அப்படியே படமாயிற்று. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் குழு நடித்த 'மேனகா'வை ராஜா சாண்டோ எடுத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் மேடை வழியாகத் திரைக்கு வந்தது. இந்தக் காலத்துப் படங்களைத் திரைக்கதை என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. காமிரா முன்வரிசை ரசிகரைப் போல ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தது.

மாற்றம் நாற்பதுகளில் வந்தது. அதில் வானொலிக்கும் பங்குண்டு. கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ.எஸ்.ஏ. சாமி எழுதிய 'பில்ஹணன்' முதலில் வானொலி நாடகமாக, வெறும் குரல்களாக ஒலித்தது. பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். 1948இல் டி.கே. சண்முகம் நடிக்கப் படமாயிற்று. காதுக்கு ஒரு முறை, அரங்குக்கு ஒரு முறை, திரைக்கு ஒரு முறை என்று மூன்று படி கடந்த கதை. அடுத்த ஆண்டே அதே சாமி, சி.என். அண்ணாதுரையின் 'வேலைக்காரி' நாடகத்தைப் படமாக இயக்கினார். கே.ஆர். ராமசாமியின் குழு அந்த நாடகத்தை நடத்தி ஊர்களைச் சுற்றியிருந்தது. காளி சிலையின் முன்னே நாயகன் கேள்வி கேட்கும் காட்சியும் நீதிமன்றக் காட்சியும் எப்படி எடுபடும் என்பது படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்த விஷயம்.

இந்த இடத்தில் ஏவி. மெய்யப்பனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய படங்களின் வரிசையை எடுத்துப் பார்த்தால் ஒரு வியாபாரியின் தெளிவு தெரிகிறது. 1941இல் பம்மலின் 'சபாபதி'. 1947இல் ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகத்திலிருந்து 'நாம் இருவர்'. 1948இல் மறுபடி பம்மல், 'வேதாள உலகம்'. 1951இல் அண்ணாவின் 'ஓர் இரவு'. 1952இல் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து, நேஷனல் பிக்சர்ஸ் பெருமாளோடு சேர்ந்து 'பராசக்தி'. பிறகு 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்', 'காசேதான் கடவுளடா'. அவர் காலத்துக்குப் பின் மகன்களின் கையில் 'சம்சாரம் அது மின்சாரம்'. பணம் போடுமுன் நாடகத்தைப் பார். நாடகத்தைப் பார்க்கும்போது பக்கத்து இருக்கையையும் பார். அந்த வரிசை சொல்கிற வழிமுறை இவ்வளவுதான். கதை இலாகா வைத்துக்கொண்டு மூடிய அறையில் மாதக்கணக்கில் பேசிய நிறுவனங்களும் அதே ஊரில் இருந்தன. ஏவி.எம்.மின் நாடகப் படங்கள் எல்லாம் ஓடின என்பதற்கில்லை. ஆனால் ஒரு காட்சி எடுபடுமா என்ற கேள்விக்கு அந்த நிறுவனம் பல சமயம் கண்ணால் கண்ட பதிலை வைத்திருந்தது.

எம்.ஆர். ராதா விஷயம் வேறு. அவருடைய பிரதி கூட்டத்தைப் பார்த்துத் திருத்தப்பட்டதோடு நிற்காது. அன்றாடம் புதிதாகப் பிறக்கும். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில், காலையில் பத்திரிகையில் வந்த செய்தி இரவு மோகனசுந்தரத்தின் வாயில் வரும். எந்த ஊரில் நாடகமோ அந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் பங்கு உண்டு. அவருடைய நாடகங்களை அடக்கத்தான் 1954இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டமே வந்தது என்று சொல்லும் அளவுக்கு அரசுக்குத் தலைவலி கொடுத்தார். அதே 1954இல் கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில் 'ரத்தக்கண்ணீர்' படமானது. ஆயிரம் வடிவங்களில் ஒன்று மட்டும் படச்சுருளில் உறைந்தது. உறைந்த அந்த ஒன்றே இத்தனை கூர்மையாக இருக்கிறதென்றால் மேடையில் எப்படி இருந்திருக்கும் என்று ஏங்கவைக்கும் நடிப்பு அது. படம் வந்தபிறகும் ராதா நாடகத்தை நிறுத்தவில்லை. திரையில் பார்த்தவர்களும் கொட்டகைக்கு வந்தார்கள். அவர்கள் படத்தில் கேட்காததை அவர் மேடையில் சொன்னார்.

ஐம்பதுகளின் இறுதியிலிருந்து இந்தப் பழக்கத்தை ஒரு முறையாகவே கையாண்டவர் சிவாஜி கணேசன். திரையில் உச்சத்தில் இருந்த நாளிலும் சிவாஜி நாடக மன்றத்தை அவர் விடவில்லை. சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1957இல் மேடையேறி, நூறு காட்சிகளைத் தாண்டி ஓடியபிறகு, 1959இல் பி.ஆர். பந்துலுவின் படமாயிற்று. ஜாக்சன் துரையோடு கட்டபொம்மன் மோதும் காட்சியைத் திரையில் பார்க்கும்போது, எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சுவிட வேண்டும், எந்தச் சொல்லுக்குப் பின் கைதட்டலுக்கு இடம் விட வேண்டும் என்பதில் ஒரு தயக்கமும் இல்லாததைக் கவனிக்கலாம். அந்த இடைவெளிகள் மேடையில் அளக்கப்பட்டவை. மேடையால் தர முடியாததைப் படம் சேர்த்தது. போர்க்காட்சிகளுக்காகப் படக்குழு ஜெய்ப்பூருக்குப் போயிற்று. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

'வியட்நாம் வீடு' அதே வழியில் வந்தது. சுந்தரம் எழுதிய நாடகத்தைச் சிவாஜி மேடையில் நடித்துப் பார்த்து, 1970இல் சொந்தப் படமாக எடுத்தார். பிரஸ்டீஜ் பத்மநாப ஐயர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபிறகு கௌரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுகிற கதை. போர்வாளும் இல்லை, தர்பாரும் இல்லை. ஒரு வீடு, ஒரு நாற்காலி, ஒரு மனைவி. நுணுக்கமான இந்த மாதிரிக் கதையைப் பெரிய நட்சத்திரத்தை வைத்து நேரடியாகப் படமாக்க அன்றைக்கு யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். சபா ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே அதற்கான முதலீட்டுப் பத்திரம்.

'தங்கப்பதக்கம்' இன்னும் சுவாரஸ்யமானது. நடிகர் செந்தாமரையின் குழுவுக்காக மகேந்திரன் எழுதிய நாடகம் 'இரண்டில் ஒன்று'. அதைப் பார்த்த சிவாஜிக்கு அந்தப் போலீஸ் அதிகாரியை விட மனமில்லை. கதையை வாங்கி, தானே மேடையில் நடித்துப் பார்த்தார். பிறகே 1974இல் பி. மாதவன் படமாக்கினார். அதை எழுதிய மகேந்திரனுக்கோ மேடைத்தனமான சினிமாமீது மனக்கசப்பு. பாத்திரங்கள் ஓயாமல் பேசிக்கொண்டேயிருப்பது சினிமா அல்ல என்பது அவர் கட்சி. நான்கு ஆண்டுகள் கழித்து 'முள்ளும் மலரும்', அதற்கடுத்த ஆண்டு 'உதிரிப்பூக்கள்' என்று, பேச்சைச் சுருக்கி முகத்தையும் நிலத்தையும் பேசவைத்த படங்களை எடுத்தார். எந்த வசனம் கைதட்டல் வாங்கும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் அதை வேண்டாம் என்று தள்ளவும் தெரிந்தவராக இருந்தார்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாடகம் என்றால் பெரும்பாலும் சென்னையின் சபாக்கள். மயிலாப்பூரில், தியாகராய நகரில், திருவல்லிக்கேணியில் சபா உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள். சபா செயலாளர் குழுவை அமர்த்துவார். மாதத்துக்கு இத்தனை நாடகம் என்று கணக்கு. நடிப்பவர்கள் பகலில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை செய்துவிட்டு, மாலையில் மேக்கப் போட்டுக்கொள்பவர்கள். இந்த ஏற்பாட்டில் எழுத்தாளருக்குப் பெரிய லாபம் உண்டு. ஒரே நாடகம் இந்த வாரம் ஒரு சபாவில், அடுத்த வாரம் இன்னொன்றில். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் கேட்கலாம். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வரவில்லையா, வசனத்தைப் புரட்டிப் போடலாம். எதிர்பாராத இடத்தில் சிரித்தார்களா, அங்கே ஒரு வரி கூட்டலாம். காப்பி குடிக்க ஆட்கள் எழுந்து போகும் காட்சியை ஒரு பக்கம் குறைக்கலாம். அரங்கேற்றத்தன்று நடித்த பிரதியும் ஐம்பதாவது காட்சியின் பிரதியும் ஒன்றாக இருந்ததேயில்லை. அந்த ஐம்பதாவது பிரதியைத்தான் சினிமாக்காரர்கள் வந்து பார்த்தார்கள்.

இந்தப் பள்ளியின் தலைமாணவர் கே. பாலசந்தர். சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் (ஏ.ஜி.) அலுவலகத்தில் வேலை, மாலையில் ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற குழு. அங்கே அவருக்குக் கிடைத்த நடிகர்களில் ஒருவர் ரயில்வே ஊழியரான நாகேஷ். நாகேஷின் முகத்தையும் வேகத்தையும் மனத்தில் வைத்து எழுதியதுதான் 'சர்வர் சுந்தரம்'. மேடையில் வெற்றி கண்டபின் 1964இல் கிருஷ்ணன் பஞ்சு அதை ஏவி.எம்.முக்காக இயக்கினார்கள். ஓட்டல் சர்வர் ஒருவன் சினிமா நடிகனாவது கதை. மேடையில் சினிமா உலகத்தைச் சொல்லத்தான் முடியும். படம் அதைக் காட்டியது. பாட்டு ஒன்றின் ஒலிப்பதிவே காட்சியாக வருகிறது; எம்.எஸ். விஸ்வநாதன் நின்று இசைக்குழுவை நடத்துகிறார், டி.எம். சௌந்தரராஜன் மைக் முன்னால் பாடுகிறார், அங்கிருந்து காமிரா படப்பிடிப்புத் தளத்துக்குப் போகிறது. நாடகம் தந்த கதைக்குள் சினிமா தன்னைத்தானே திறந்து காட்டிய அந்தச் சில நிமிடங்கள் இன்றும் பழசாகவில்லை.

'மேஜர் சந்திரகாந்த்' இன்னொரு பாதையில் போயிற்று. பார்வையிழந்த ராணுவ மேஜர். அவர் வீட்டில் அடைக்கலம் புகும் ஒருவன். அவன் கையால் செத்தது மேஜரின் இளைய மகன் என்பது அவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கூடத்துக்குள் இத்தனை இறுக்கத்தைக் கட்டியதுதான் அந்த நாடகத்தின் பலம். இந்திக்காரர்கள் முந்திக்கொண்டார்கள், 1965இல் 'ஊஞ்சே லோக்' என்று அசோக் குமார் நடிக்க வந்தது. தமிழில் 1966இல் பாலசந்தரே இயக்கினார். மேடையில் மேஜராக நடித்த சுந்தரராஜனே திரையிலும் நடித்தார். கடைசிவரை மேஜர் சுந்தரராஜன் என்றே அறியப்பட்டார். கதையில் வரும் இளைய மகனின் பெயர் ரஜினிகாந்த். 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காக சிவாஜி ராவ் என்ற இளைஞருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தபோது, பாலசந்தர் தன் நாடகத்திலிருந்துதான் அதை எடுத்துக் கொடுத்தார்.

அவர் முதலில் இயக்கிய 'நீர்க்குமிழி'யும் நாடகமாக இருந்ததே. 1965. ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கும் கதை. நாடகம் படமானால் அதை வெளியே இழுத்துச் செல்ல வேண்டும், மலையையும் கடலையும் காட்ட வேண்டும் என்பது அன்றும் இன்றும் பலர் கொடுக்கும் யோசனை. முதல் படம் இயக்கும் ஒருவருக்கு அந்த ஆசை கட்டாயம் வந்திருக்கும். பாலசந்தர் காமிராவைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியை விட்டு நகரவிடவில்லை. நோயாளி வெளியே போக முடியாது என்பதுதான் கதை, படமும் போகவில்லை. துணிச்சலான முடிவு அது, சரியான முடிவும்கூட.

'எதிர்நீச்சல்' 1968. ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த ஒரு வீடு, மாடிப்படியின் அடியில் ஒண்டிக்கொண்டு எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கும் மாது. அந்த வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். அவரை யாரும் பார்ப்பதில்லை. இருமல் மட்டும் கேட்கும். மேடையில் ஒரு நடிகரின் செலவை மிச்சப்படுத்தும் உத்தி இது. படத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. கதவைத் திறந்து காமிராவை உள்ளே அனுப்பினால் தாத்தா தெரிந்துவிடுவார். பாலசந்தர் கதவைத் திறக்கவேயில்லை. இருமலைக் கொண்டே ஒரு முழு மனிதரை உண்டாக்கினார். படம் பார்த்தவர்களிடம் கேட்டால் கதாநாயகியைவிட இருமல் தாத்தாவை முதலில் சொல்வார்கள்.

சேவா ஸ்டேஜ் நடத்திய எஸ்.வி. சகஸ்ரநாமத்துக்கு இந்த அதிர்ஷ்டம் முழுதாக வாய்க்கவில்லை. நல்ல எழுத்தாளர்களை மேடைக்கு அழைத்து வந்தவர் அவர். பி.எஸ். ராமையாவின் 'போலீஸ்காரன் மகள்' 1962இல் ஸ்ரீதர் கையில் நல்ல படமாயிற்று. தி. ஜானகிராமனின் 'நாலு வேலி நிலம்' 1959இல் படமாகியும் ஓடவில்லை. மேடையில் பாராட்டிய கூட்டம் சிறியது, தேர்ந்தது. தமிழ்நாடு முழுக்க டிக்கெட் வாங்கும் கூட்டம் வேறு. இந்த வித்தியாசம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. மயிலாப்பூரில் சிரிக்கவைத்த நகைச்சுவை மணப்பாறையிலும் சிரிக்கவைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஊர் ஊராகச் சுற்றிய கம்பெனி நாடகக்காரர்களுக்கு இருந்த அந்தப் பரந்த காது சபா எழுத்தாளர்களுக்கு இல்லை. சபா வழி வந்த படங்கள் நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தைவிட்டு அதிகம் வெளியே வராததற்கு இதுவே காரணம்.

அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்தவர் கோமல் சுவாமிநாதன். 1980இல் அவருடைய ஸ்டேஜ் பிரண்ட்ஸ் குழு அரங்கேற்றிய 'தண்ணீர் தண்ணீர்', சோபாவும் தொலைபேசியும் இல்லாத நாடகம். அத்திப்பட்டி என்ற வறண்ட கரிசல் கிராமம். போலீஸ் தேடும் ஒருவன் வந்து சேர்கிறான். தொலைவில் உள்ள ஊற்றிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்கிறான். ஊர் தேர்தலைப் புறக்கணிக்கிறது. கால்வாய் வெட்டப் புறப்படுகிறது. அரசு குறுக்கே வருகிறது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டிய காலம் அது. 1954இன் சட்டத்தில் அதற்கு இடமளித்த பிரிவுகள் நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்தன. போலீஸ் படித்து, சபா ரசிகர்கள் பார்த்து, பத்திரிகைகள் எழுதி, இருநூறுக்கும் மேற்பட்ட மேடைகளைக் கண்ட பிரதி அது.

அடுத்த ஆண்டே பாலசந்தர் படமாக்கினார். இங்கே அவர் 'நீர்க்குமிழி'யில் செய்ததற்கு நேர் எதிராகச் செய்தார். மேடையில் வறட்சி என்பது பாத்திரங்கள் பேசித் தெரிய வேண்டியது. படத்தில் பி.எஸ். லோகநாத்தின் காமிரா வெடித்த தரையை, வெற்றுக் குடங்களை, வெயிலை நேராகக் காட்டிவிட்டது. அதனால் வாயால் சொல்லவேண்டிய பாரம் பாத்திரங்களுக்குக் குறைந்தது. கோமலின் அரசியல் கூர்மையை மட்டும் அவர் மழுக்கவில்லை. சரிதாவின் செவந்திக்குப் போலீஸ்காரக் கணவன் ஒருபுறம், ஊர் ஒருபுறம். சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த திரைக்கதைக்கும் தேசிய விருதுகள் வந்தன. நாடகத்தைத் திரைக்கு மாற்றுவது என்ற வேலைக்குத் தமிழில் ஒரே ஒரு படத்தைப் பாடமாக வைக்கவேண்டுமென்றால் இதைத்தான் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் காமிராவிடம் ஒப்படைப்பது என்ற இரண்டு கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது.

இதற்கிடையே 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை நாடகம் வீட்டுக்கே வந்தது. எண்பதுகளில் விசு, மௌலி, எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் என்று நகைச்சுவை நாடகங்கள் கொடிகட்டிப் பறந்தன. விசுவின் 'மோடி மஸ்தான்' 'மணல் கயிறு' ஆயிற்று, கிரேசி மோகனின் 'மேரேஜ் மேட் இன் சலூன்' பாலசந்தரின் 'பொய்க்கால் குதிரை' ஆயிற்று. தொண்ணூறுகளில் தொடர்கள் சபாவின் எழுத்தாளர்களையும் நடிகர்களையும் ரசிகர்களையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டன. மேடையிலிருந்து திரைக்குப் போகும் பாதை அதன்பின் ஒற்றையடிப் பாதைதான். கதை விவாதம் ஓட்டல் அறைகளுக்குள் போயிற்று. கேட்பவர்கள் உதவி இயக்குநர்களும் நண்பர்களும் மட்டுமே. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் உரிமை அவர்களுக்கு இல்லை.

எதிர்த்திசைப் பயணமும் நடக்கிறது. ஒய்.ஜி. மகேந்திரா 'வியட்நாம் வீட்'டை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்து, சிவாஜி நடித்த வேடத்தில் தானே நடித்தார். கோமலின் மகள் தாரிணி 'தண்ணீர் தண்ணீ'ரை மறுபடி மேடையேற்றினார். படம் பார்த்தவர்களுக்கு முன்னால் அதே நாடகத்தை நடத்துவது எளிதில்லை. அரங்கில் இருப்பவர்கள் மனத்தில் லோகநாத்தின் வெயில் ஏற்கெனவே இருக்கிறது.

சென்னையின் சபா அரங்குகள் இன்னும் நிற்கின்றன. மார்கழியில் பாட்டுக்கு நிரம்புகின்றன. வேறு மாதங்களில் வார நாட்களில் பூட்டிக் கிடப்பவையும் உண்டு. நான்கு நாற்காலி, நான்கு நடிகர், கையில் ஒரு பிரதி போதும். செட்டும் ஒளியமைப்பும் வேண்டாம். முதல் படம் எழுதும் இளைஞர்கள் தங்கள் திரைக்கதையை அங்கே ஒரு மாலை முழுக்க உரக்க வாசிக்கலாம். அடுத்த மாதம் திருத்தி, மதுரையிலோ திருநெல்வேலியிலோ வேறு ஜனங்களுக்கு வாசிக்கலாம். சபாக்கள் அரங்கைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கவும், ஒரு தயாரிப்பாளர் பக்கத்து இருக்கையில் வந்து உட்காரவும் முன்வந்தால் அடுத்த கோடையிலேயே தொடங்கிவிடலாம்.